அப்பா ஏபி, அம்மா ஓ... அப்போ நான்?

கழுத்துல தொங்குற ஐ.டி. கார்டைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க பாஸ்! போட்டோவை விடுங்க, அது எல்லாருக்குமே கொடுமைதான். அதுக்குக் கீழே, வீட்டு விலாசத்துக்கும் பிரின்சிபால் கையெழுத்துக்கும் நடுவுல 'ரத்த வகை'னு ஒரு வரி இருக்கும். ஓ பாசிட்டிவ், பி பாசிட்டிவ்னு ஏதோ ஒண்ணு எழுதியிருக்கும். அந்த எழுத்துக்கு என்ன அர்த்தம்? அந்த பாசிட்டிவ்ல அப்படி என்ன பாசிட்டிவ்?

எங்க ஹாஸ்டல் மாடியில இதைக் கேட்டுப் பார்த்தேன். "நல்ல ரத்தம்னா பாசிட்டிவ்டீ" என்றாள் ஒருத்தி. சீரியஸாகத்தான் சொன்னாள். சிரிக்கலாம்னு பார்த்தா, எனக்கும் பதில் தெரியலை. நானெல்லாம் பத்தாம் வகுப்போட பயாலஜிக்குப் பெரிய கும்பிடு போட்டுட்டு, பதினொண்ணாவதுல கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்து, அப்படியே இன்ஜினீயரிங்குக்கு வந்து சேர்ந்த கேஸ். மெண்டலோட பட்டாணிச் செடியை அஞ்சு மார்க்குக்கு மனப்பாடம் பண்ணி, எக்ஸாம் ஹால் வாசல்லயே மறந்தவள்.

மறந்த பயாலஜி ஒரு நாள் ராத்திரி எங்க ரூமுக்கே தேடி வந்தது.

காலேஜ்ல ரத்த தான முகாம்னு நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்க. பேர் கொடுக்க ஃபார்ம் நிரப்பிட்டு இருந்தோம். எங்க ரூம்ல நாலு பேர். என் பக்கத்துக் கட்டில்காரி தன் கார்டைப் பார்த்து 'ஓ பாசிட்டிவ்' என்று எழுதினாள். "எங்கம்மாவும் ஓ பாசிட்டிவ்தான். அப்பாதான் ஏபி பாசிட்டிவ். ரேர் பீஸு!" என்று பெருமை வேற. ஜன்னலோரக் கட்டில்காரி பிளஸ் டூவில் பயோ-மேத்ஸ். தலைக்கு எண்ணெய் வெச்சுக்கிட்டே, "ஏபிக்கும் ஓவுக்கும் ஓ பொறக்காதேடீ. உன்னை எந்தக் கோயில் வாசல்ல இருந்து எடுத்துட்டு வந்தாங்கன்னு வீட்டுல கேளு" என்றாள்.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். அவளும் சிரிச்சா. ஆனா, லைட் அணைச்ச பிறகும் ரொம்ப நேரம் செல்போன் வெளிச்சம் அவ முகத்துல இருந்துச்சு. மறுநாள் வீட்டுல இருந்து போன் வந்தப்போ எடுக்கலை. அதுக்கு மறுநாளும் எடுக்கலை. மெஸ்ல தட்டைப் பார்த்துக்கிட்டே, "நான் யார் ஜாடைன்னு சின்ன வயசுல இருந்தே யாருக்கும் சொல்லத் தெரியாதுடீ" என்றாள், யாரும் எதுவும் கேக்காமலே.

ஜோக் அடிச்சவளுக்குப் பேயறைஞ்ச மாதிரி ஆயிடுச்சு. லைப்ரரியில போய் பயாலஜி புத்தகங்களா அள்ளிட்டு வந்தா. முகாமுக்கு இன்னும் ரெண்டு நாள் இருந்துச்சு. அந்த ரெண்டு ராத்திரியில அரியர் பேப்பருக்குக்கூடப் படிக்காத மாதிரி படிச்சோம். அதுல மண்டையில ஏறினதைத்தான் இப்போ உங்களுக்குச் சொல்லப் போறேன்.

முதல்ல செல். உயிரோட செங்கல் அதுதான்னு ஆறாம் வகுப்புலயே சொல்லிக் கொடுத்துட்டாங்க. ரத்தத்துல இருக்குற செங்கல், சிவப்பணு. ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்துல, அதாவது ஒரு குண்டூசித் தலை அளவுல, சுமார் 50 லட்சம் சிவப்பணுக்கள் இருக்கும். உளுந்து வடை மாதிரி இருக்கும், ஆனா நடுவுல ஓட்டை முழுசா விழாம குழிஞ்சு மட்டும் இருக்குற வடை. முழுசா வளர்ந்த சிவப்பணுவுக்குள்ள உட்கரு கிடையாது. உட்கரு இல்லைன்னா டி.என்.ஏ.வும் இல்லை. அந்த இடத்தையெல்லாம் ஆக்ஸிஜன் தூக்குற ஹீமோகுளோபினுக்குக் காலி பண்ணிக் கொடுத்துட்டு, சுமார் 120 நாள் உழைச்சுட்டு செத்துப்போகுது.

அந்தச் செல்லைச் சுத்தி ஒரு சவ்வு. அந்தச் சவ்வு மேல குட்டிக் குட்டியா சர்க்கரைச் சங்கிலிகள் நீட்டிக்கிட்டு நிக்கும். காபியில போடுற சர்க்கரை இல்லை, அதோட சொந்தக்கார மூலக்கூறுகள். இந்தச் சங்கிலியோட கடைசிக் கண்ணி என்னங்கிறதுதான் உங்க ஐ.டி. கார்டுல இருக்குற எழுத்து! கடைசிக் கண்ணி என்-அசிட்டைல் கேலக்டோசமைன்னா நீங்க ஏ. கேலக்டோஸ்னா பி. ரெண்டு வகைச் சங்கிலியும் இருந்தா ஏபி. கடைசிக் கண்ணியே மாட்டலைன்னா ஓ. அவ்வளவுதான். 'எங்க ரத்தமே வேற'னு சண்டைக்குப் போறாங்களே, அந்த வேற இதுதான். ஒரு சர்க்கரை.

இந்தச் சர்க்கரையைத்தான் புத்தகத்துல ஆன்டிஜென்னு சொல்றாங்க. நம்ம உடம்போட வாட்ச்மேன் படை, ஒரு செல்லைப் பார்த்து 'இவன் நம்ம ஆளா, வெளியாளா'னு முடிவு பண்றதுக்கான அடையாளம். வெளியாள்னு தெரிஞ்சா பிடிக்கிறதுக்கு ரத்தத்தோட நீர்ப்பகுதியான பிளாஸ்மாவுல சுத்திட்டு இருக்குற புரதம்தான் ஆன்டிபாடி. ஏ வகைக்காரர் உடம்புல பி-யைப் பிடிக்கிற ஆன்டிபாடி இருக்கும். பி வகைக்காரர் உடம்புல ஏ-வைப் பிடிக்கிறது. ஓ-வுக்கு ரெண்டையும் பிடிக்கிறது. ஏபிக்கு ரெண்டுமே கிடையாது, யார் வந்தாலும் வாங்க வாங்கனு சொல்ற வீடு.

இதைக் கண்டுபிடிச்சவர் கார்ல் லேண்ட்ஸ்டைனர். ஆஸ்திரியாக்காரர். அதுக்கு முன்னாடி ஒருத்தர் ரத்தத்தை இன்னொருத்தருக்கு ஏத்தினா சிலர் பிழைச்சாங்க, சிலர் செத்தாங்க. ஏன்னு தெரியாது. லேண்ட்ஸ்டைனர் தன் ரத்தத்தையும், கூட வேலை பார்த்தவங்க ரத்தத்தையும் எடுத்து, ஒருத்தரோட நீர்ப்பகுதியை இன்னொருத்தரோட செல்லோட கலந்து கலந்து பார்த்தார். சில ஜோடிகள் சமத்தா கலந்துச்சு. சில ஜோடிகள் திரிஞ்ச பால் மாதிரி கட்டி கட்டியா ஆச்சு. 1901-ல் மூணு வகையாகப் பிரிச்சு வெளியிட்டார். அடுத்த வருஷமே அவரோட சகாக்கள் நாலாவதான ஏபியைக் கண்டுபிடிச்சாங்க. 1930-ல் அவருக்கு நோபல் பரிசு. அவர் பிறந்த ஜூன் 14-தான் இப்போ உலக ரத்த தான நாள்.

இடையில ஒரு விஷயம். 'ஓ நெகட்டிவ் எல்லாருக்கும் கொடுக்கலாம்'னு காலர் தூக்கி விட்டுக்குற ஆளுங்க உங்க கிளாஸ்லயும் இருப்பாங்க. சிவப்பணு வரைக்கும் அது சரி. மாட்ட ஆன்டிஜென் இல்லாததால யார் உடம்பும் அதைப் பிடிக்காது. ஆனா பிளாஸ்மா கொடுக்குறப்போ கதை தலைகீழ். ஓ-வோட பிளாஸ்மாவுல ரெண்டு ஆன்டிபாடியும் இருக்கே! அங்கே எல்லாருக்கும் கொடுக்குற வள்ளல், ஏபிதான்.

சரி, அந்தக் கடைசிச் சர்க்கரையை யார் மாட்டி விடுறா? இங்கேதான் என்சைம், நொதி வருது. ஒரு வேலையைச் செஞ்சு முடிக்கிற புரதம். ஃபேக்டரியில ஒரே ஒரு ஸ்க்ரூ மாட்டுறதுக்குனு நிக்கிற ஆள் மாதிரி. ஏ-க்காரங்க உடம்புல இருக்குற நொதி ஏ சர்க்கரையை மாட்டும், பி-க்காரங்களோடது பி சர்க்கரையை. ரெண்டு நொதியும் கிட்டத்தட்ட ரெட்டைப் பிறவி. 354 அமினோ அமிலங்கள் கோத்த மாலையில நாலே நாலு மணிதான் வித்தியாசம்.

அந்த நொதியை எப்படிச் செய்யணும்கிற ப்ரோகிராம்தான் ஜீன், அதாவது மரபணு. ரத்த வகைக்கான இந்த ஜீன் 9-வது குரோமோசோம்ல உக்காந்திருக்கு. ப்ரோகிராம்னு சொன்னதும் நமக்குக் கண்ணு பெரிசாகும் இல்லையா? இதையும் கேளுங்க. ஓ வகைக்குக் காரணம், பெரும்பாலும் அந்த ஜீன்ல ஒரே ஒரு எழுத்து காணாமப் போனதுதான். 1990-ல்தான் இதைக் கண்டுபிடிச்சாங்க. டி.என்.ஏ.வை மூணு மூணு எழுத்தாத்தான் செல் படிக்கும். 'படம் மலர் கதவு பழம்'னு ஒரு ப்ரோகிராம் இருக்குனு வைங்க. அதுல இருந்து 'ட'வை மட்டும் தூக்கிட்டு, மறுபடி மூணு மூணா படிங்க. 'பம்ம லர்க தவுப ழம்'! விட்டுப்போனது ஒரு எழுத்து, அதுக்கப்புறம் வர்றது எல்லாமே உளறல். சி ப்ரோகிராம்ல செமிகோலன் விட்டுட்டு முப்பது எரர் வாங்கினவங்களுக்கு இந்த வலி புரியும். நொதி பாதியிலேயே நின்னுடுது. சர்க்கரை மாட்ட ஆள் இல்லை. அதுதான் ஓ. இவ்வளவு பெரிய பிழையோட ஒரு பெரிய கூட்டமே உலகத்துல ஜம்முனு வாழ்ந்துட்டு இருக்குங்கிறதுதான் எனக்கு ஆச்சரியம்.

இப்போ எங்க ரூம்மேட் கதைக்கு வருவோம். ஒவ்வொரு ஜீனும் நம்மகிட்ட ரெண்டு பிரதி இருக்கும். ஒண்ணு அப்பா கொடுத்தது, ஒண்ணு அம்மா கொடுத்தது. ஒரே ஜீனோட வெவ்வேறு பதிப்புகளுக்கு அல்லீல்னு பேர். இங்கே மூணு பதிப்பு: ஏ, பி, ஓ. ஏ-வும் ஓ-வும் சேர்ந்தா, ஓ சும்மா இருக்கும், ஏ தன் வேலையைப் பார்க்கும். கார்டுல ஏ-ன்னுதான் வரும். வேலை செய்யுறது ஓங்கு பண்பு, அடங்கி இருக்குறது ஒடுங்கு பண்பு. ஏ-வும் பி-யும் சேர்ந்தா ரெண்டுமே விட்டுக்கொடுக்காது. ரெண்டும் சமமா நிக்கும், அதுக்கு இணை ஓங்குத்தன்மைனு பேர். ஆக, கார்டுல ஓ-ன்னு விழணும்னா ரெண்டு பிரதியும் ஓ-வா இருக்கணும்.

கார்டுல தெரியுறது புறத்தோற்றம், ஃபீனோடைப். உள்ளே உண்மையில இருக்குற ஜோடி ஜீனோடைப். இந்த ரெண்டு வார்த்தையைத்தான் நான் பத்தாவதுல 'வேறுபடுத்துக'வுக்கு எழுதி ரெண்டு மார்க் வாங்கினேன். அப்போ புரிஞ்சு எழுதலைங்கிறது இப்போதான் தெரியுது. அப்பா ஏ, அம்மா பி, பொண்ணு ஓ-ன்னா தெருவே விசாரிக்கும். ஆனா அப்பாகிட்ட ஏ-ஓ, அம்மாகிட்ட பி-ஓனு இருந்தா ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு ஓ கொடுத்திருப்பாங்க. சுத்தமா கணக்கு சரி.

கணக்குனு சொன்னேனே, சும்மா சொல்லலை. இந்த 'ஒரு ஜீன், மூணு அல்லீல்' விஷயத்தை நிலைநாட்டினவர் டாக்டரே கிடையாது. 1924-ல் ஃபெலிக்ஸ் பெர்ன்ஸ்டைன்னு ஒரு ஜெர்மன் கணித மேதை. டிஸ்க்ரீட் மேத்ஸ்ல செட் தியரி நடத்துறப்போ ஷ்ரோடர்-பெர்ன்ஸ்டைன் தேற்றம்னு ஒண்ணு வந்து உயிரை எடுக்குமே, அதே பெர்ன்ஸ்டைன்! அதுவரைக்கும் ஏ-வுக்கு ஒரு ஜீன், பி-க்குத் தனியா ஒரு ஜீன்னு நினைச்சுட்டு இருந்தாங்க. அப்படி இருந்தா ஜனங்கள்ல ஏபி ஆளுங்க எத்தனை பேர் இருக்கணும், உண்மையில எத்தனை பேர் இருக்காங்கனு பெர்ன்ஸ்டைன் கணக்குப் போட்டார். ஒத்து வரலை. மூணு அல்லீல்னு வெச்சுப் போட்டார். கச்சிதமா உக்காந்துச்சு.

பழைய கணக்குப்படி ஏபி அப்பாவுக்கும் ஓ அம்மாவுக்கும் ஓ குழந்தை பிறக்கலாம். பெர்ன்ஸ்டைன் கணக்குப்படி முடியாது. அப்பாகிட்ட இருக்குறது ஏ-யும் பி-யும் மட்டும். அம்மாகிட்ட ரெண்டுமே ஓ. அதனால குழந்தைக்கு ஏ-ஓ அல்லது பி-ஓ. கார்டுல ஏ-ன்னு வரும், இல்லைன்னா பி-ன்னு வரும். நோட்டுல கட்டம் போட்டு, நாலு தடவை சரி பார்த்தோம். என் பக்கத்துக் கட்டில்காரி கட்டத்தையே பார்த்துட்டு இருந்தா. அப்புறம் எழுந்து போய் முகம் கழுவிட்டு வந்தா.

இந்தக் கட்டம் கோர்ட் வரைக்கும் போயிருக்கு. சார்லி சாப்ளின் மேல, 'என் குழந்தைக்கு இவர்தான் அப்பா'னு அமெரிக்காவுல ஒரு நடிகை வழக்குப் போட்டார். குழந்தை பி, அம்மா ஏ, சாப்ளின் ஓ. நீங்களே கட்டம் போட்டுப் பாருங்க. குழந்தையோட பி எங்கிருந்து வந்திருக்கும்? சாப்ளின்கிட்ட இருந்து வர வழியே இல்லை. அப்படியும் 1945-ல் ஜூரிகள் அவர்தான் அப்பானு சொல்லிட்டாங்க. அந்தக் காலத்து கலிஃபோர்னியா சட்டத்துல ரத்தப் பரிசோதனை முடிவான சாட்சியா எடுத்துக்கப்படலை.

முகாம் நாள். அரசு மருத்துவமனையில இருந்து ரத்த வங்கிக்காரங்க வந்திருந்தாங்க. ஆடிட்டோரியம் முழுக்கக் கட்டில். வயசு 18 ஆகியிருக்கணும், எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது, ஹீமோகுளோபின் 12.5 கிராம் இருக்கணும். இந்தக் கடைசி டெஸ்ட் இருக்கே, ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் படிச்சவங்களுக்குப் பிடிக்கும். நீல நிற காப்பர் சல்பேட் கரைசல், நம்ம மயில்துத்தம்தான். அதோட ஒப்படர்த்தி 1.053 இருக்குற மாதிரி கலக்கி வெச்சிருப்பாங்க. விரல்ல குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை அதுல விடுவாங்க. மூழ்கினா போதுமான ஹீமோகுளோபின் இருக்கு. மிதந்தா இல்லை. மிஷினும் இல்லை, மீட்டரும் இல்லை, ஆர்க்கிமிடீஸ் மட்டும்தான்!

என் சொட்டு மிதந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்னு, 'இறங்கு இறங்கு'னு மனசுக்குள்ள கெஞ்சினேன். இறங்கலை. "கீரை சாப்பிடும்மா, சாப்பிட்ட உடனே டீ குடிக்காதே" என்று சொல்லி ஓரமா உக்கார வெச்சுட்டாங்க. எனக்கு முன்னாடியும் பின்னாடியும் மிதந்த பொண்ணுங்க நிறைய பேர். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி, நாட்டுல 15 முதல் 49 வயசுப் பெண்கள்ல 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. காலையில டிபன் சாப்பிடாம ஓடுற ஹாஸ்டல் ஆளுங்க நாம, இதைப் படிச்சுட்டு ஆச்சரியப்பட என்ன இருக்கு?

அடுத்த மேஜைதான் எங்களுக்கு முக்கியம். ஒரு வெள்ளை ஓடு. அதுல மூணு சொட்டு ரத்தம். ஒண்ணுல நீல மருந்து, ஒண்ணுல மஞ்சள் மருந்து, ஒண்ணுல நிறமில்லாத மருந்து. நீலத்துல இருக்குறது ஏ-வைப் பிடிக்கிற ஆன்டிபாடி, மஞ்சள்ல இருக்குறது பி-யைப் பிடிக்கிறது. குச்சியால கலக்கிவிட்டு, ஓட்டை மெதுவா ஆட்டினார் லேப் டெக்னீஷியன் அக்கா. 1901-ல் லேண்ட்ஸ்டைனர் பார்த்த அதே காட்சி. நாங்க நாலு பேரும் மூச்சைப் பிடிச்சுட்டு ஓட்டு மேல கவிழ்ந்திருந்தோம். "வெளிச்சத்தை மறைக்காதீங்கம்மா" என்றார் அக்கா.

நீலம் அப்படியே இருந்துச்சு. மஞ்சள்... மெதுவா, மணல் மணலா, கட்டியா திரிஞ்சுது.

"பி பாசிட்டிவ்மா" என்றார் அக்கா, ரொம்ப சாதாரணமா.

கார்டுல ஓ எப்படி வந்துச்சுனு கேக்குறீங்களா? அட்மிஷன் அன்னைக்கு ஃபார்ம்ல எந்தக் கட்டமும் காலியா இருக்கக் கூடாதுனு சொல்லியிருக்காங்க. 'பசங்களுக்கு அம்மாவோடதுதான் வரும்'னு யாரோ வரிசையில சொல்ல, இவ ஓ-ன்னு எழுதிட்டா. மூணு வருஷமா கழுத்துல தொங்குது. இதுல கூத்து என்னன்னா, அம்மாவோட பொருந்தினப்போதான் அது தப்பு. யாரோடவும் பொருந்தாம பி-ன்னு வந்தப்போதான் அவ அசல் அவங்க வீட்டுப் பொண்ணு. ஏபிக்கும் ஓவுக்கும் பிறக்குற குழந்தை வழக்கமா அப்பா வகையும் வராது, அம்மா வகையும் வராது!

ஜன்னலோரக் கட்டில்காரி அழுதேவிட்டாள். நாங்க அக்காகிட்ட முழுக் கதையும் சொன்னோம். அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "ஒருவேளை ஓ-ன்னே வந்திருந்தாலும் பயப்பட்டிருக்க வேண்டாம்மா. பாம்பே ப்ளட்னு கேள்விப்பட்டதில்லையா?" என்றார்.

இல்லை. அதைத் தெரிஞ்சுக்க இன்னொரு ராத்திரி ஆச்சு.

1952-ல் பம்பாயில் டாக்டர் ஒய்.எம்.பெண்டேவும் அவர் குழுவினரும் கண்டுபிடிச்ச வகை இது. வழக்கமான டெஸ்ட்ல ஓ-ன்னுதான் விழும். ஆனா ஓ ரத்தத்தையே அவங்க ரத்தத்தோட கலந்து பார்த்தா கட்டி தட்டும்! காரணம் சர்க்கரைச் சங்கிலியிலதான் இருக்கு. ஏ, பி சர்க்கரையை மாட்டுறதுக்கு முன்னாடி, சங்கிலியில ஹெச்-னு ஒரு கொக்கி இருக்கணும். நம்ம எல்லார்கிட்டயும் இருக்கு. ஓ-க்காரங்ககிட்ட இருக்குறது வெறும் அந்தக் கொக்கிதான். பாம்பே வகைக்காரங்ககிட்ட அந்தக் கொக்கியே கிடையாது. கொக்கியைச் செய்யுற ஜீன் வேற ஒண்ணு, 19-வது குரோமோசோம்ல இருக்கு. அது வேலை செய்யலைன்னா, உள்ளே ஏ ஜீன் இருந்தாலும் பி ஜீன் இருந்தாலும் மாட்ட இடம் இல்லை. சட்டை இருக்கு, ஆணி இல்லை. அதனால கார்டுல ஓ.

இப்போ யோசிங்க. ஏபி அப்பாவுக்கும் ஓ அம்மாவுக்கும் கொக்கி இல்லாத குழந்தை பிறந்தா, டெஸ்ட்ல ஓ-ன்னு காட்டும். 'ஓ'-ன்னு கார்டு வெச்சிருக்குற அம்மா உண்மையில பாம்பே வகையா இருந்தா, உள்ளே ஒளிஞ்சிருக்குற ஏ-வைக் குழந்தைக்குக் கொடுப்பாங்க. ரெண்டு ஓ பெற்றோருக்கு ஏ குழந்தை! கட்டம் 'முடியாது'னு சொல்றதெல்லாம் நடக்கும். இந்தியாவுல சுமார் 10,000 பேர்ல ஒருத்தர் பாம்பே வகை. ஐரோப்பாவுல பத்து லட்சத்துல ஒருத்தர்தான். பழுதான பிரதி அப்பா, அம்மா ரெண்டு பக்கமும் வரணும்கிறதால, மாமன் மகள், அத்தை மகன்னு சொந்தத்துக்குள்ளயே கல்யாணம் பண்ற குடும்பங்கள்ல இதுக்கு வாய்ப்பு கூடும். ஒரே தாத்தாகிட்ட இருந்து அதே பழுது ரெண்டு வழியா இறங்கி வரும் இல்லையா?

இவங்களுக்கு ரத்தம் தேவைப்பட்டா, இன்னொரு பாம்பே வகைக்காரர்தான் கொடுக்கணும். அடுத்த தடவை வாட்ஸ்அப்ல 'பாம்பே ஓ தேவை'னு வந்தா, 'நான் ஓ தான், வரட்டுமா?'னு பதில் போடாதீங்க. அது வேற, இது வேற.

இன்னும் அந்த பாசிட்டிவ் பாக்கி இருக்கே! அது ஆர்ஹெச். ரீசஸ் குரங்குகளை வெச்சு நடந்த ஆராய்ச்சியில இருந்து வந்த பேர். 1940-ல் நம்ம லேண்ட்ஸ்டைனரும் அலெக்ஸாண்டர் வீனரும் சேர்ந்து வெளியிட்டாங்க. சிவப்பணு மேல 'டி'னு ஒரு புரதம் இருந்தா பாசிட்டிவ், இல்லைன்னா நெகட்டிவ். நல்ல ரத்தம், கெட்ட ரத்தம் எதுவும் கிடையாது. ஓட்டுல மூணாவது சொட்டு அதுக்குத்தான். நெகட்டிவ் அம்மா வயித்துல பாசிட்டிவ் குழந்தை வளர்ந்தா சிக்கல் வரலாம். பிரசவத்தப்போ குழந்தை ரத்தம் கலந்து, அம்மா உடம்பு 'டி'யைப் பிடிக்கிற ஆன்டிபாடியைச் செய்யக் கத்துக்கும். அது அடுத்த பாசிட்டிவ் குழந்தையோட சிவப்பணுவைத் தாக்கும். எத்தனையோ வீடுகள்ல முதல் குழந்தை நல்லா பிறந்து, அடுத்தடுத்து பிறந்தது தங்காம போனதுக்கு, சாமி குத்தம், ராசி இல்லாதவன்னு அந்தப் பொண்ணைத்தான் சொல்லியிருப்பாங்க. 1968-ல் இருந்து இதுக்கு ஆன்டி-டி ஊசி இருக்கு. கர்ப்பத்தோட 28-வது வாரத்துலயும், பிரசவமான 72 மணி நேரத்துக்குள்ளயும் போடுவாங்க. ஊசியிலே இருக்குற ஆன்டிபாடி தானம் கொடுக்குறவங்க பிளாஸ்மாவுல இருந்து வர்றது. ஆஸ்திரேலியாவுல ஜேம்ஸ் ஹாரிசன்னு ஒருத்தர் 1,173 தடவை கொடுத்திருக்கார். அவர் கொடுத்ததுல சுமார் 24 லட்சம் குழந்தைகளுக்குப் பலன்னு கணக்கு சொல்றாங்க. 81 வயசுல நிறுத்தினார், 2025-ல் காலமானார்.

ஒண்ணு சொல்லிடுறேன். உங்க கார்டு தப்பா இருந்தாலும் ஆஸ்பத்திரியில அதைப் பார்த்து ரத்தம் ஏத்த மாட்டாங்க. ஒவ்வொரு தடவையும் சோதிச்சு, கொடுக்குறவர் ரத்தத்தோட கலந்து பார்த்துட்டுதான் ஏத்துவாங்க. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு உங்களை ஓ-ன்னு நம்பிக் கூப்பிட்டு, ஆட்டோ பிடிச்சு அங்கே போனதுக்கு அப்புறம் பி-ன்னு தெரிஞ்சா, காத்திருக்குற குடும்பத்துக்கு அந்த ஒரு மணி நேரம் யார் திருப்பிக் கொடுப்பா?

முகாம்ல 350 மில்லி ரத்தம் கொடுத்துட்டு, கையில பிஸ்கட்டும் ஜூஸுமா வெளியே வந்தா என் ரூம்மேட். மரத்தடியில நின்னே வீட்டுக்கு போன் போட்டா. ஸ்பீக்கர்ல போட்டுட்டா, நாங்களும் கேட்டோம்.

"ஏன்டி மூணு நாளா போனை எடுக்கலை? அப்பா கிளம்பி அங்கேயே வரேன்னு நிக்கிறாரு!"

"ம்மா... நான் பி பாசிட்டிவாம்மா."

"ஆமா. நீ பொறந்தப்போ ஆஸ்பத்திரி அட்டையிலயே எழுதியிருந்தாங்களே. பீரோவுல இருக்கு. அதுக்கென்ன இப்போ?"

"அப்புறம் ஏம்மா சொல்லலை?"

"நீ எப்போடி கேட்ட?"

அவ தம்பி பிளஸ் ஒன் படிக்கிறான். அவன் ஸ்கூல் கார்டுலயும் ஓ பாசிட்டிவ்னுதான் இருக்காம், அக்காவைப் பார்த்து எழுதினதாம். பொங்கல் லீவுல ஊருக்குப் போறப்போ அவனை லேபுக்குக் கூட்டிட்டுப் போறா. ஏ-வா, பி-யானு ரூம்ல இப்பவே பந்தயம் ஓடிட்டு இருக்கு. நான் ஏ மேல ஒரு ப்ளேட் பானிபூரி கட்டியிருக்கேன்.